வாசலைப் பார்த்த செருப்புகள்

வேண்டாம் என்றுதான் சொன்னேன். அந்த வீட்டில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை.

பெருநாளின் மறுநாள் காலை. ஊரடங்கு போட்டதிலிருந்து, ரங்கூனுக்கு வெளியே லைங் தாயா ஃபாக்டரியில் நைட் ஷிப்டுக்காரர்களை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். நன்றாக விடிந்த பிறகுதான் பஸ் கிளம்பும். பபேடானில் இறங்கி எங்கள் கட்டடத்தை நெருங்கும்போதே நெய்யில் மாவு வறுபடும் வாசனை தெருவில் இருந்தது. படி ஏற ஏற அது கூடிக்கொண்டே வந்தது. மூன்றாவது மாடியில் எங்கள் கதவு. வாசனை அதற்குள்ளிருந்துதான் வந்தது.

குசினியில் என் அக்கா தஸ்லீமா ராத்தாவும் அந்த வெள்ளைக்காரியும் நின்றிருந்தார்கள். வெள்ளைக்காரி தலையில் வெள்ளைத் துணி கட்டி, கட்டைக் கரண்டியால் வாணலியைக் கிளறிக்கொண்டிருந்தாள். பெயர் செனாதா. போஸ்னியாக்காரி. எங்கள் ஃபாக்டரியில் தைக்கிற ஜாக்கெட்டுகளைக் கப்பலேற்றுவதற்கு முன் தையல் சரியா என்று பார்க்க, வாங்குகிற கம்பெனி அனுப்பிய ஆள். முஸ்லிம். அவளைப் பார்த்தால் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள்.

"ராத்தா, ஊ துன் ஷ்வே இன்னிக்கு வாறாரு. மறந்துட்டியா?"

"நாலு மணிக்குத்தானே வாறாரு. லுஹர் தொழுத கையோட ஓத உக்காந்தா அஸருக்கு முன்னாடி முடிஞ்சிரும்."

"அஞ்சு பேருக்கு மேல கூடக்கூடாதுன்னு தெருத்தெருவா மைக்ல கத்திக்கிட்டுப் போறான். உன் காதுல விழலையா?"

"விழுந்துச்சு. பெருநாளுக்கு நாலு பொம்பளைங்க வீட்டுக்கு வர்றதும் கூட்டமா? போய்த் தூங்கு."

தூக்கம் எங்கே வரும். நசீர் மச்சானை அவர்கள் கொண்டுபோய் மூன்று வாரம் ஆகியிருந்தது. ராத்தாவின் புருஷன். அனோரதா தெருவில் குடைக் கடை. செப்டம்பரில் பொங்ஜிகள், புத்த பிக்குகளைத்தான் சொல்கிறேன், அரசாங்கத்தை எதிர்த்து வரிசையாக நடந்து போனபோது கடை வாசலில் நின்று தண்ணீர் பாட்டில் கொடுத்தார். வெயிலில் நடக்கிறார்களே என்று கொடுத்தார். அதற்கு மேல் அவருக்கு அரசியல் கிடையாது. யாரோ போட்டோ எடுத்திருக்கிறார்கள். ஓர் இரவு கதவைத் தட்டினார்கள். தட்டியது ஊ துன் ஷ்வே. எங்கள் வார்டுத் தலைவர். இரண்டு கட்டடம் தள்ளி வீடு. ஒவ்வொரு பெருநாளும் மச்சான் கையால் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டவர். அவர் குரல் என்பதால்தான் மச்சான் கதவைத் திறந்தார். அவர் பின்னால் யூனிஃபார்மில் மற்றவர்கள் நின்றார்கள்.

அதன் பிறகு எங்கே என்று தெரியவில்லை. பெருநாளுக்கு முந்தின வாரம் ஊ துன் ஷ்வேதான் வந்து சொன்னார். உயிரோடு இருக்கிறார், இன்செயின் ஜெயில் பக்கம் ஒரு கொட்டகையில். பெரிதாக எதுவும் செய்யாதவர்களை விடுகிறார்கள். இந்த வீடு அமைதியான வீடு, கூட்டம் சேர்வதில்லை, வெளியாள் வருவதில்லை என்று வார்டுத் தலைவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "பெருநாள் மறுநாள் நாலு மணிக்கு வந்து வீட்டைப் பார்ப்பேன். பார்த்ததை எழுதுவேன்" என்றார்.

அந்த நாள் இது. அந்த வீட்டில் ஒரு வெளிநாட்டுக்காரி. அவளைச் சுற்றி ஓத வரப்போகிற பெண்கள்.

"ஒரு நாள் தள்ளி வச்சா என்ன? அவ புருஷன் மௌத்தாகிப் பதினஞ்சு வருசமாச்சு. நாளைக்கு ஓதுனா சேராதா?"

ராத்தா என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. "அதை நீயே சொல்லேன் அவங்ககிட்ட. உனக்குத்தான் இங்கிலீஷ் வருமே."

கொஞ்சம் மரியாதையாக மாற்றிச் சொன்னேன். செனாதா கிளறுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மாவு கருகிவிடும்.

"பைராமின் முதல் நாள் உயிரோடு இருப்பவர்களுக்கு" என்றாள். பைராம் என்றுதான் பெருநாளைச் சொல்வாள். "பக்லாவா, காப்பி, பிள்ளைகள் பெரியவர்கள் கையை முத்தமிட்டுக் காசு வாங்குவது, எல்லாம் நேற்று. இரண்டாம் நாள் கொல்லப்பட்டவர்களுக்கு. எங்கள் நாட்டில் எல்லோரும் அன்று அவர்களைப் புதைத்த கப்ருக்குப் போவார்கள். பெண்கள் வீட்டில் வட்டமாக உட்கார்ந்து அவர்களுக்காகத் தெவ்ஹித் ஓதுவார்கள்."

"உங்கள் ஊரில் அந்த நாள் முடிந்திருக்குமே. அங்கே பிறை முன்னாலேயே பார்த்திருப்பார்கள்."

"நேற்று முன்தினம் முடிந்தது. ஆனால் நான் நோன்பு பிடித்தது உங்கள் பிறையில். எனக்கு இன்றுதான் இரண்டாம் நாள். நாளைக்கு வெறும் செவ்வாய்க்கிழமை."

பிறகு ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். ஹல்வாவின் வாசனை வெளியே போக வேண்டுமாம். மௌத்தானவர்களுக்கு அந்த வாசனைதான் பங்கு. ஒளித்துச் செய்கிற காரியத்துக்கு ஊரைக் கூப்பிடுகிற வாசனை. நான் திறக்கவில்லை. ராத்தா போய்த் திறந்தாள்.

ராத்தாவுக்கும் அவளுக்கும் எப்படிச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியும். மச்சானைக் கொண்டுபோன வாரம் ராத்தாவின் லைனில் ஒரு முழு லாட்டுக்கும் அளவுச் சீட்டு மாறித் தைக்கப்பட்டிருந்தது. லைன் சூப்பர்வைசர் அவள்தான். வேலை போயிருக்க வேண்டும். செனாதா அதை மேலே சொல்லவில்லை. உட்கார்ந்து கூடவே பிரித்திருக்கிறாள். பிரிக்கும்போது கேட்டிருக்கிறாள், என்ன ஆச்சு என்று. ராத்தா சொன்னாள். என் புருஷனையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள் என்றாள் அவள். நோன்பு பாதியில் ஊரிலிருந்து அவளுக்கு போன் வந்தது. ஒரு காட்டில் தோண்டிய எலும்புகளில் சில அவள் புருஷன் ராஸிமுடையவை என்று சொந்தக்காரர்களின் ரத்தத்தோடு பொருத்திப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார்கள். கம்பெனி லீவு தரவில்லை. அவள் தங்கியிருந்த கெஸ்ட் ஹவுஸில் ஓதுவதற்கு ஒரு பெண்ணும் இல்லை. எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று ராத்தா யாரையும் கேட்காமல் சொல்லிவிட்டாள்.

சரி, நடப்பது நடக்கட்டும், ஒழுங்காகவாவது நடக்கட்டும் என்று நான் ஏற்பாடு செய்தேன். பெண்கள் இரண்டிரண்டு பேராக, கையில் டிபன் கேரியருடன், பெருநாள் பலகாரம் கொண்டுவருவதுபோல் வர வேண்டும். செருப்புகள் வாசலில் கிடக்கக் கூடாது. கதவுக்குப் பின்னால் ஒரு காலி அரிசிச் சாக்கு வைத்தேன், எல்லாவற்றையும் அதில் போடுவதற்கு. கட்டடத்தின் கீழே வெற்றிலைக் கடை வைத்திருக்கிற பொன்னுத்துரையிடம் சொல்லி வைத்தேன். ரங்கூனில் எல்லா மாடிகளிலிருந்தும் தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும். மேலே மணி, கீழே கிளிப். பேப்பர்காரன் பேப்பரை மாட்டி இழுப்பான். ஊ துன் ஷ்வே தலை தெரிந்தால் எங்கள் கயிற்றை இழுக்க வேண்டும்.

"இழுக்குறேன்" என்றார் பொன்னுத்துரை, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே. "அது என்னா மேல, அல்வா வாசனை தூக்குது? எனக்கு உண்டுல்ல?"

"முடிஞ்சதும் தர்றேன் அண்ணே."

"முடியட்டும், முடியட்டும். முதல்ல முடியட்டும்."

ஹாஜரா மாமிதான் முதலில் வந்தாள். தெருவில் பாதிப் பெண்களுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தவள். ஓதுவதை நடத்த அவளைத்தான் ராத்தா கூப்பிட்டிருந்தாள். மூச்சிரைக்க ஏறி வந்து வாசலில் நின்றாள்.

"பெருநாளும் அதுவுமா துக்கம் வைக்கிற ஊரை நான் கேள்விப்பட்டதில்லடியம்மா."

"துக்கம் இல்ல மாமி. அவங்க வழக்கம்" என்றாள் ராத்தா.

"நாமளும்தான் பெருநாளுக்குக் கப்ரப் பாக்க மையவாடிக்குப் போறோம். போன கையோட வீட்டுக்கு வந்து பிரியாணி திங்கிறோம். சரி, சரி, ஓதறதுக்கு நாள் பாக்கக் கூடாது." என்னைப் பார்த்தாள். "நீ வாசல்ல நிக்கப் போறியா ஜுல்ஃபி? நில்லு. காலேஜ் போயும் நீ வெளியதானே நின்ன."

தொண்ணூற்றாறில் மாணவர்கள் போராடி ரோட்டில் உட்கார்ந்தபோது நானும் அங்கே இருந்தேன். காலேஜை மூடினார்கள். பல வருடம் கழித்துத் திறந்தபோது நான் திரும்பப் போகவில்லை. திரும்பப் போகிறவன் பெயரைப் பழைய போட்டோக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதிலிருந்து வார்டு ஆபீஸ் இருக்கும் பக்கம் நான் நடப்பதுகூட இல்லை.

பெண்கள் சொன்னபடி வந்தார்கள். செனாதாவையும் ஹாஜரா மாமியையும் சேர்த்து எட்டுப் பேர். ராத்தாவோடு ஒன்பது. எட்டு ஜோடிச் செருப்பையும் நானே சாக்கில் போட்டு வாயை மடித்தேன்.

தொழுகை முடிந்து கூடத்தில் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தபோதுதான் செனாதா பையிலிருந்து அதை எடுத்தாள். சுருட்டி வைத்த ஒரு மணிமாலைக் கயிறு. பிரித்தாள். பிரித்துக்கொண்டே இருந்தாள். ஒன்பது பேர் மடியிலும் சுற்றி வந்து இன்னும் மிச்சம் இருந்தது. ஆயிரம் மணி கோத்த தஸ்பி, எண்ணி ஓதுகிற மாலை. அவள் ஊரில் வட்டத்தில் இருக்கிற எல்லாரும் ஒரே கயிற்றைப் பிடித்து, கலிமாவுக்கு ஒரு மணியாகத் தள்ளிவிடுவார்களாம். மணி கை மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கரும்பழுப்பு மரமணி. ஒவ்வொன்றும் ஒரே அளவு. குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன்.

"இதை எங்கே வாங்கினீர்கள்?"

"சூலே பகோடா பக்கத்தில். சின்ன மாலையாகத்தான் இருந்தது. பத்து வாங்கிப் பிரித்து ஃபாக்டரி நூலில் கோத்தேன். கடைக்காரி ரொம்பச் சந்தோஷப்பட்டாள். இந்த மாதம் யாருமே வாங்க வரவில்லை என்றாள்."

யார் வாங்குவார்கள்? மடங்களில் ராத்திரி ராத்திரியாகப் புகுந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். பொங்ஜிகள் கையில் உருட்டுகிற மணிகள் இவை. பொங்ஜிகளுக்குத் தண்ணீர் கொடுத்ததற்காகப் பிடிபட்டவனுடைய வீட்டில் இப்போது அதே மணிகள் ஆயிரம் கிடந்தன.

"மாமி, இது பொங்ஜி மணி. இதைச் சுருட்டி வைங்க. விரலை மடக்கி எண்ணுங்க போதும்."

ஹாஜரா மாமி ஒரு மணியை விரலில் உருட்டிப் பார்த்தாள். "மரம்தானே. மரத்துல என்னா மதம் இரிக்கி?"

"மதத்தச் சொல்லல மாமி."

"தெரியுது. கதவச் சாத்து."

ஆரம்பித்துவிட்டாள். அல்ஹம்து, யாசீன், பிறகு கலிமா. மெல்லிய குரலில்தான் ஓதினார்கள். ஆனால் ஒன்பது பேரின் மெல்லிய குரல் ஒரே நேரத்தில் எழும்போது அது மெல்லியதாக இருப்பதில்லை. மணிகள் ஒன்றன்மேல் ஒன்று தட்டும் சத்தம் மழை தொடங்குவதுபோல் இருந்தது. நான் பால்கனியில் நின்று தெருவைப் பார்த்தேன். எதிர்க் கட்டடத்தில் துணி காய்ந்தது. டாக்ஸி ஒன்று ரோட்டை அடைத்து நின்று சாமான் இறக்கியது. ஹல்வா வாசனை என் சட்டையிலேயே ஏறியிருந்தது.

பால்கனிக் கயிற்றின் மணி அடித்தது.

கீழே பார்த்தேன். பொன்னுத்துரை கயிற்றை விட்டுவிட்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புக் குடை ஒன்று எங்கள் படிக்கட்டுக்குள் நுழைந்தது. நாலு மணிக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது.

உள்ளே ஓடி, "வாறாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசல் கதவைத் திறந்தேன். முன்னால் போய் அவரைப் படியிலேயே நிறுத்திப் பேசலாம் என்று எண்ணம். திறந்ததும் நின்றுவிட்டேன்.

செருப்புகள் வெளியே இருந்தன. எட்டு ஜோடியும். சுவரோரமாக ஒரே வரிசையில், ஒட்ட ஒட்ட, எல்லாம் மூக்கு படிக்கட்டைப் பார்த்து. சாக்கு காலியாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. விருந்தாளி போகும்போது குனியக் கூடாது, கால் வைத்தால் செருப்பு ஏற வேண்டும், அதனால் வீட்டுப் பெண் செருப்புகளைத் திருப்பி வைக்க வேண்டும் என்பது செனாதா ஊர் மரியாதை. அன்றைய ஓதலுக்கு வீட்டுக்காரி அவள். நாங்கள் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்த நேரத்தில் சாக்கைப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு அவமானமாக இருந்திருக்கும்.

வாரினேன். எத்தனை முடியுமோ அத்தனை. முதல் மாடித் திருப்பத்தில் குடைக்காம்பு படியில் தட்டும் சத்தம். இரண்டாவது மாடி. ஐந்து செருப்பு கையில் இருந்தது, அதில் ஒன்றுகூட ஜோடி சேரவில்லை. ஊ துன் ஷ்வேயின் தலை தெரிந்தது.

"கோ டின் மாவுங்" என்றார். என்னுடைய பர்மியப் பெயர் அது. அவர் வேறு பெயர் சொல்லி என்னைக் கூப்பிட்டதில்லை. நான் அவரை ஊ லே, அதாவது மாமா, என்பேன். "வேலையை விட்டுட்டுச் செருப்பு விக்கிறியா?"

"இல்லை ஊ லே. பெருநாள். விருந்தாளிங்க வந்திருக்காங்க."

குடை நுனியால் மிச்ச செருப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். என் கையில் இருந்ததையும் சேர்த்துக்கொண்டார். "எட்டு ஜோடி. எல்லாம் வெளியே பாத்து நிக்குது. ஓடறதுக்குத் தயாரா வச்ச மாதிரி இருக்கே."

"நாலு மணின்னு சொன்னீங்க."

"நாலு மணிக்கு வந்தா நாலு மணிக்குன்னு தயார் பண்ணி வச்ச வீட்டத்தானே பாப்பேன்." மூக்கை உறிஞ்சினார். "பத்தெயின் ஊரு ஹலவா கிண்டுற வாசனையா?"

என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். தன் செருப்பைக் கழற்றி அந்த வரிசையின் கடைசியில் விட்டார், உள்ளே பார்த்தபடி.

ஓதல் நின்றிருக்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. ஹாஜரா மாமி கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் மட்டும் இல்லை. மணிகள் கை மாறிக்கொண்டிருந்தன. ராத்தா மட்டும் கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். கயிறு அவள் மடியில் குவிய ஆரம்பித்தது.

ஊ துன் ஷ்வே குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது.

"இது எந்த மடத்துலருந்து வந்தது?"

குடை நுனியால் கயிற்றைச் சுட்டினார்.

"கேக்குறேன். நசீரோட கேஸே பொங்ஜி கேஸ். அவன் வீட்டுல பொங்ஜி மணி இவ்வளவு. யாரு கொண்டுவந்து ஒளிச்சு வச்சது? இந்த வெளிநாட்டுக்காரி யாரு? பத்திரிகைக்காரியா?"

செனாதாவிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். இவர் வார்டுத் தலைவர், மணி யாருடையது என்று கேட்கிறார், யோசித்துப் பேசுங்கள் என்றேன். அவள் யோசிக்கவில்லை.

"என்னுடையது. கடையில் வாங்கினேன். என் புருஷனுக்காக ஓதுகிறோம். அவரைக் கூட்டிக்கொண்டு போனவர்களில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரனும் இருந்தான். ஒவ்வொரு பைராமுக்கும் என் மேசையில் பக்லாவா சாப்பிட்டவன். கதவைத் தட்டியது அவன்தான். அவன் குரல் என்பதால் திறந்தோம். சாயங்காலம் திரும்பிவிடுவார் என்று சொன்னான். அதையும் அவரிடம் சொல்லுங்கள்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "இவங்க எங்க ஃபாக்டரில வேலை பாக்குறவங்க. மணி கடையில வாங்குனது. இவங்க புருஷன் சண்டைல இறந்துட்டாரு. இப்பத்தான் எலும்பு கிடைச்சிருக்கு. நீங்க நினைவு நாளுக்குச் சோறு போடுவீங்கல்ல, அது மாதிரி."

"முழுசாச் சொல்லு" என்றாள் ராத்தா.

"ராத்தா, சும்மா இரு."

அவளுக்கும் அவ்வளவு ஆங்கிலம் புரியும். பர்மியத்தில் அவளே சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரன். பலகாரம். தட்டினது. குரல். சாயங்காலம் வந்துவிடுவார் என்றது. ஒன்றையும் விடவில்லை. சொல்லும்போது ஊ துன் ஷ்வே முகத்தையே பார்த்துச் சொன்னாள். நான் தரையைப் பார்த்தேன். மச்சான் இனி வரமாட்டார் என்று முடிவு செய்துகொண்டேன்.

அவர் பேசியபோது குரல் உயர்ந்திருந்தது.

"நான் கொண்டுபோகல. தட்டச் சொன்னாங்க, தட்டுனேன். தட்டலேன்னா உடைச்சிருப்பாங்க. உனக்கு அது நல்லா இருந்திருக்குமா?"

வட்டத்தில் இருந்தவர்களை விரலால் எண்ணினார்.

"அஞ்சு பேர். உத்தரவு அது. மத்தவங்க இப்பவே எழுந்து போகட்டும். இல்லேன்னா நான் ஒன்பது பேருன்னுதான் எழுதணும்."

அப்போது ஹாஜரா மாமி கண்ணைத் திறந்தாள். எண்ணிக்கை விட்ட மணியைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு பர்மியம் என்னைவிட நன்றாக வரும்.

"உத்தரவு அஞ்சு பேருன்னா, ஒரு இடத்துல அஞ்சு பேருதானே ஊ துன் ஷ்வே?"

"ஆமா."

"குசினி வேற இடமா, இதே இடமா?"

அவர் கூடத்துக்கும் குசினிக்கும் நடுவில் இருந்த பலகைத் தடுப்பைப் பார்த்தார்.

மாமி காத்திருக்கவில்லை. தமிழில் அதட்டினாள். "தஸ்லீமா, நீயும் மூணு பேரும் குசினிக்குப் போங்கடி. கயித்த விட்டீங்க, கொன்னுபுடுவேன். கையிலயே புடிச்சுக்கிட்டுப் போங்க." பிறகு பர்மியத்தில், "இங்க அஞ்சு, அங்க நாலு. நீங்களும் இவனும் இங்க நின்னா ஏழாயிரும். உத்தரவு மீறக் கூடாது பாருங்க" என்றாள்.

யாராவது சிரித்திருந்தால் எல்லாம் கெட்டுப்போயிருக்கும். யாரும் சிரிக்கவில்லை.

ஊ துன் ஷ்வே என்னைப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே போய், செருப்புகளுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தார். நான் படியில் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தவிடவில்லை.

உள்ளே கயிறு தடுப்பின் இடைவெளி வழியாகக் குசினிக்குள் போய், அங்கே நாலு கைகளில் சுற்றி, திரும்பக் கூடத்துக்கு வந்தது. அவ்வளவு நீளம் அதற்கு இருந்தது. குசினியில் இருந்தவர்களைக் கூடத்தில் இருந்தவர்கள் பார்க்க முடியாது. மணி வருவதை வைத்துத்தான் தெரியும். மறுபடி சத்தமாக ஓத ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை கொஞ்சம் உரக்கவே.

"நீ தொண்ணூத்தாறுல முச்சந்தில உக்காந்த பையன்தானே" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

"அது ரொம்ப நாளாச்சு ஊ லே."

"எங்களுக்கு நாளாகறதில்ல."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. குடையை முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தார். மேல் மாடியிலிருந்து இறங்கிய ஒரு சீனக் கிழவர் அவரைப் பார்த்துவிட்டு வந்த வழியே ஏறிப் போனார். ஓதல் முடிகிற வழியாகத் தெரியவில்லை. திடீரென்று உள்ளே மணிச் சத்தம் நின்றது. கூடத்தில் இருந்தவர்கள் இழுத்தார்கள், கயிறு வரவில்லை. செனாதா இன்னும் பலமாக இழுத்தாள்.

"இழுக்காதீங்க!" ஊ துன் ஷ்வே நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார். "ஆணில மாட்டியிருக்கு. அறுந்தா அத்தனையும் சிதறும். டேய், போய் எடுத்துவிடு."

போய் எடுத்துவிட்டேன். தடுப்புப் பலகையில் துருத்திக்கொண்டிருந்த ஆணி. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து அது தெரிந்திருக்கிறது. கயிற்றைத்தான் அத்தனை நேரமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கடைசியில் கையேந்திக் கேட்கும் துஆ முடிந்து எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்ட பிறகு அவர் உள்ளே வந்தார். முதலில் கையை நீட்டியது மணிக் கயிற்றுக்கு. செனாதா தர மறுப்பாள் என்று நினைத்தேன். சுருட்டி, முத்தமிட்டு, நெற்றியில் வைத்துக் கொடுத்தாள்.

"இது இங்க இருந்தா வேற ஆள் வந்து வேற மாதிரி எண்ணுவான்" என்றார். அது மிரட்டலா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. தோளில் தொங்கிய பைக்குள் போட்டார். ஒரு தாளை எடுத்தார்.

"நசீருக்குப் பொறுப்பேத்துக்க ஒரு பேர் வேணும். பொம்பளை பேரு செல்லாது. வீட்டுல ஆம்பளை யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ராத்தா மட்டும் பார்க்கவில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்க மாட்டாள். கேட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

"பேரு எழுது. வேலை, விலாசம். என்ன படிச்ச, எந்த வருசம் விட்ட, அதையும் எழுது. நசீர் என்ன செஞ்சாலும் முதல்ல உன்னத்தான் தட்டுவேன். வாரா வாரம் ஆபீசுக்கு வந்து முகத்தக் காட்டணும்."

எழுதினேன். வருசத்தையும் எழுதினேன். அதற்குக் கீழே அவர் தன் கையெழுத்தைப் போட்டார். கூட்டம் எதுவும் இல்லை என்றும் எழுதினார், ஒரு இடத்தில் ஐந்து பேருக்கு மேல் காணவில்லை என்று.

செனாதா ஒரு தட்டில் ஹல்வா கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள். இன்னும் சூடாக இருந்தது. இவருக்குமா என்று நான் ஆங்கிலத்தில் கேட்டேன். ஹல்வா சூடாக இருக்கும்போது வாசலுக்கு வருகிறவன் யாரானாலும் அவனுக்குப் பங்கு உண்டு, ஆளைப் பார்த்து நிறுத்தினால் மௌத்தானவருக்குப் போய்ச் சேராது என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. தட்டு மட்டும் அசையாமல் நின்றது.

அவர் தட்டையே பார்த்தார். பிறகு ஒரு காகிதத்தில் மடித்துத் தரச் சொன்னார். எங்கள் முன்னால் சாப்பிடவில்லை.

வாசலில் அவருடைய செருப்பும் படிக்கட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. செனாதா எப்போது போய்த் திருப்பினாள் என்று நான் பார்க்கவில்லை. அவர் ஒரு நொடி நின்றார். குனியாமல் காலை நுழைத்துக்கொண்டு இறங்கிப் போனார். கீழே பொன்னுத்துரை அவரிடம், "என்ன ஊ லே, அல்வா கிடைச்சதா?" என்று கேட்பது மாடி வரைக்கும் கேட்டது.

மச்சான் அந்த வாரம் வியாழக்கிழமை வந்தார். தலையை மழித்திருந்தார்கள். சோறு கொடுத்தால் தின்றார், கேட்டால் பதில் சொன்னார், தானாக எதுவும் பேசவில்லை. ஹல்வா கொஞ்சம் மிச்சம் இருந்தது, கல்லாகிவிட்டது. அதையும் தின்றார். யார் மௌத்தானது என்று கேட்டார். ராத்தா சொன்னாள்.

செனாதா வேலை முடிந்து அடுத்த மாதமே போய்விட்டாள். நான் திங்கட்கிழமைதோறும் ஷிப்ட் முடிந்து நேராக வார்டு ஆபீசுக்குப் போகிறேன். ஊ துன் ஷ்வே நிமிர்ந்து பார்ப்பார், தலையாட்டுவார், நான் வந்துவிடுவேன். அந்த மணிகளைப் பற்றி நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

மச்சான் வந்த அன்று அவருடைய செருப்பு வாசலில் கிடந்தது. வார் அறுந்து, கம்பி போட்டுக் கட்டியிருந்தது. ராத்தா அதை எடுத்தாள். செனாதா செய்ததுபோல் வெளியே பார்க்கத் திருப்பி வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். உள்ளே கொண்டுவந்து அரிசிச் சாக்குக்குள் போட்டு, வாயை இறுக்கிக் கட்டினாள்.